கொழுந்துக் கணக்குக் கணினியில் டாம்கேட்: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழி

கோத்தகிரி, குன்னூர், மஞ்சூர் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகம் ஒன்றை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். எடை மேடையில் ஒரு கணினி, கணக்கர் மேசையில் ஒன்று, மூலையில் லினக்ஸ் போட்ட சர்வர். சர்வரில் ஜாவா மென்பொருளை உலாவியில் திறக்கும்படி ஓட்டித்தரும் டாம்கேட், அதில் ஜாவாவில் எழுதிய கொழுந்துக் கணக்கு மென்பொருள், தகவல் சேமிக்க மைஎஸ்கியூஎல். எடை ஏறாமல் நின்றுவிட்டால் வாசலில் வண்டிகள் வரிசை கட்டிவிடும். அந்தப் பதற்றத்தில் பலரும் டாம்கேட்டை அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். கோளாறு அநேகமாக ஏதோ ஓர் அமைப்பு வரியில்தான் இருக்கும். மறுபடி நிறுவினால் தடயம் அழியும், அதே கோளாறு திரும்பவும் வரும்.

எதற்கும் முன் லாக்

லாக் என்பது நடந்ததை நிரல் எழுதிவைக்கும் குறிப்பு. லாக் கோப்புறையில் இரண்டு கோப்புகள் முக்கியம். பெயர் கேட்டலினா என்று தொடங்கினால் அது சர்வரைப் பற்றியது. லோக்கல்ஹோஸ்ட் என்று தொடங்கித் தேதியோடு வருவது உங்கள் மென்பொருளைப் பற்றியது. லோக்கல்ஹோஸ்ட் ஆக்ஸஸ் லாக் என்பது வேறு. யார் எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்ற வருகைப் பதிவு மட்டுமே அதில் இருக்கும். டெபியன், உபுண்டுவின் அப்ட் கட்டளை மூலம் நிறுவியிருந்தால் இவை டாம்கேட்டின் சொந்தக் கோப்புறையில் இருக்காது. கணினியின் பொது லாக் கோப்புறைக்குள் டாம்கேட்10 என்ற பெயரில் பாருங்கள். சர்வீஸ் கிளம்பவே இல்லை என்றால் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் டாம்கேட்10 என்று யூனிட் பெயர் கொடுத்தால் காரணம் வரும்.

நூறு வரிப் பிழையைப் பார்த்து மிரள வேண்டாம். "காஸ்ட் பை" என்று தொடங்கும் வரிகளைத் தேடி, அவற்றில் கடைசியாக இருப்பதைப் படியுங்கள். மேலே உள்ளவை எல்லாம் அதனால் வந்த விளைவுகள்.

கிளம்பவே மறுக்கிறது

"ஜாவா_ஹோம், ஜேஆர்இ_ஹோம் இரண்டும் வரையறுக்கப்படவில்லை" என்ற பொருளில் பிழை வந்தால், ஜாவா நிறுவப்படவில்லை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். உங்கள் பயனர் கணக்கின் பேஷ்ஆர்சி கோப்பில் ஜாவா_ஹோம் எழுதியிருப்பீர்கள். லினக்ஸில் சர்வீஸ்களைக் கிளப்பி நிறுத்தும் நிரல் சிஸ்டம்டி. அது கிளப்பும் சர்வீஸ் அந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை. நேராக இறக்கிப் பிரித்த டாம்கேட்டாக இருந்தால் அதன் "பின்" (bin) கோப்புறையில் செட்என்வ்.எஸ்ஹெச் என்ற கோப்பை உருவாக்கி அதில் எழுதுங்கள். ஜாவா நிறுவியிருக்கும் கோப்புறை வரைதான் கொடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் "பின்" கோப்புறையையோ ஜாவா நிரலையோ சேர்க்கக் கூடாது.

ஜாவா இருந்தும் பதிப்பு பொருந்தாமல் போகலாம். டாம்கேட் 9க்கு ஜாவா 8 போதும். 10.1க்குக் குறைந்தது ஜாவா 11 வேண்டும், டாம்கேட் 11க்கு 17. மென்பொருளே புதிய ஜாவாவில் தொகுக்கப்பட்டிருந்தால் "அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன் எரர்" வரும். அந்தப் பிழையில் 61 அல்லது 55 மாதிரி ஓர் எண் இருக்கும். அதிலிருந்து 44ஐக் கழித்தால் ஜாவா பதிப்பு: 52 என்றால் ஜாவா 8, 61 என்றால் 17, 65 என்றால் 21. பிழை வரியில் இரண்டு எண்கள் வரும். முதலாவது மென்பொருள் கேட்பது, இரண்டாவது உங்களிடம் இருக்கும் ஜாவா தாங்குவது.

"அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்" என்றால் டாம்கேட்டின் வாசல் எண்ணான 8080 போர்ட்டை வேறொன்று பிடித்திருக்கிறது. எஸ்எஸ் கட்டளையை -எல்டிஎன்பி சேர்த்து சூடோவில் ஓட்டினால் எந்த நிரல் என்று பெயரோடு காட்டும். பழைய ஆரக்கிள் எக்ஸ்பிரஸ் பதிப்பு நிறுவிய கணினிகளில் அதன் இணையப் பக்கமும் 8080ஐயே எடுத்துக்கொள்ளும். பழைய கணக்கு மென்பொருள் ஓடிய கணினியையே சர்வராக்கினால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். சர்வர்.எக்ஸ்எம்எல் கோப்பில் கனெக்டர் வரியின் போர்ட்டை 8081 என்று மாற்றினால் தீர்ந்தது. ஒரே கணினியில் இரண்டு டாம்கேட் ஓட்டினால் நிறுத்துவதற்கான 8005 போர்ட்டையும் ஒன்றில் மாற்ற வேண்டும். இதை மறந்துவிட்டு 8080ஐ மட்டும் மாற்றுபவர்கள் நிறைய.

80 அல்லது 443இல் நேரடியாக ஓட வைக்கப் பார்த்தால் "பெர்மிஷன் டினைட்" வரும். லினக்ஸில் 1024க்குக் கீழே உள்ள போர்ட்டுகள் சாதாரணப் பயனருக்குக் கிடைக்காது. அதற்காக டாம்கேட்டை ரூட் பயனராக ஓட்டுவது கூடவே கூடாது. மென்பொருளில் ஓர் ஓட்டை இருந்தால் கணினி முழுவதும் கைமாறிவிடும். முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை வைத்து 8080க்குத் திருப்பிவிடுங்கள்.

டாம்கேட் ஓடுகிறது, மென்பொருளைத் திறந்தால் 404

404 என்றால் கேட்ட பக்கம் இல்லை என்று பொருள். அதிக நேரத்தைத் தின்னும் அறிகுறி இதுதான். சர்வர் நன்றாக இருக்கிறது என்பதால் எங்கே தேடுவது என்று தெரியாது.

சுலபமானதை முதலில் விலக்குங்கள். மென்பொருள் முழுவதையும் ஒன்றாகக் கட்டிய வார் கோப்பின் பெயர்தான் முகவரி. கோப்பு கொழுந்து.வார் என்றால் முகவரியில் போர்ட்டுக்குப் பின் கொழுந்து என்றே வர வேண்டும். ஆங்கிலத்தில் பெயர் வைத்திருந்தால் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை டாம்கேட் பார்க்கும். பெயருக்குப் பின்னால் பதிப்பு எண் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் அதுவும் முகவரியில் சேர்ந்துவிடும்.

அது சரியென்றால் கேட்டலினா லாக்கைத் திறங்கள். வார் கோப்பை ஏற்றும் வேலை இத்தனை மில்லி விநாடியில் முடிந்தது என்ற வரி இருக்கும். அதை நம்பி ஏமாற வேண்டாம். மென்பொருள் கிளம்பும்போதே விழுந்திருந்தாலும் அந்த வரி வரும். அதற்குச் சற்று மேலே "ஒன் ஆர் மோர் லிசனர்ஸ் ஃபெயில்டு டு ஸ்டார்ட்" என்றோ, ஃபில்டர்ஸ் என்றோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முழுக் காரணமும் அன்றைய லோக்கல்ஹோஸ்ட் லாக்கில் இருக்கிறது. இந்த லாக்கைத் திறக்காமல் கேட்டலினா லாக்கையே திரும்பத் திரும்பப் படிப்பதில்தான் பலருக்கும் நேரம் வீணாகிறது.

அங்கே "ஜாவாஎக்ஸ் சர்வ்லெட்" என்று தொடங்கும் கிளாஸ் கிடைக்கவில்லை என்று இருந்தால் கதை தெளிவு. டாம்கேட் 10 முதல் அந்தப் பெயர்கள் எல்லாம் ஜக்கார்த்தா என்று மாறிவிட்டன. ஜாவாஎக்ஸ் பெயர்களோடு எழுதிய பழைய மென்பொருள் டாம்கேட் 9 வரைதான் ஓடும். சர்வரின் இயங்குதளத்தைப் புதுப்பித்ததும் இது தலைதூக்கும். டெபியன் 12 களஞ்சியத்தில் சர்வராகக் கிடைப்பது டாம்கேட் 10 மட்டுமே. நேற்று வரை 9இல் ஓடிய மென்பொருள் இன்று எதையும் மாற்றாமலேயே நின்றுவிடும்.

இதைவிடக் கெட்டது, பிழையே வராத 404. சர்வ்லெட்டுகள் (கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா நிரல் துண்டுகள்) அனைத்தும் அனோட்டேஷன் (நிரலுக்குள்ளேயே எழுதும் குறிப்பு) வழியாக அறிவிக்கப்பட்டிருந்தாலோ, ஸ்பிரிங் பூட் 2 என்ற ஜாவாக் கட்டமைப்பில் கட்டிய வார் என்றாலோ, டாம்கேட் 10 அந்தப் பழைய அறிவிப்புகளைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். லாக்கில் சிவப்புக் கொடி எதுவும் இருக்காது. இரண்டு அடையாளங்களை வைத்துப் பிடிக்கலாம்: வழக்கமாகக் கிளம்பப் பல விநாடி எடுக்கும் மென்பொருள் ஓரிரு விநாடியில் ஏறிவிட்டதாக லாக் சொல்லும், ஸ்பிரிங் என்று பெரிதாக எழுதிவரும் தொடக்கப் பலகை லாக்கில் இருக்காது.

தீர்வு இரண்டு. டாம்கேட் தளத்திலிருந்து நேராக இறக்கிய 10 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு என்றால், வார் கோப்புகளை வழக்கமாகப் போடும் வெப்ஆப்ஸ் கோப்புறைக்குப் பக்கத்தில் வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ என்ற கோப்புறையை உருவாக்கி வார் கோப்பை அதில் போடுங்கள். டாம்கேட்டே பெயர்களை மாற்றி, மாற்றிய பிரதியை வெப்ஆப்ஸில் வைத்து ஓட்டும். பெரும்பாலான சாதாரண மென்பொருள்களுக்கு இது போதும். அப்படியும் ஓடாவிட்டால் டாம்கேட் 9ஐத் தனியாக இறக்கி ஓட்டுங்கள். மறுபக்கம், ஸ்பிரிங் பூட் 3இல் கட்டிய மென்பொருளுக்கு டாம்கேட் 10.1உம் ஜாவா 17உம் கட்டாயம். அதை 9இல் போட்டாலும் இதே 404 வரும்.

லோக்கல்ஹோஸ்ட் லாக்கிலும் ஒன்றுமில்லை, கேட்டலினா லாக்கில் "ஜிப்" என்று ஒரு பிழை மட்டும் இருக்கிறதா? வார் கோப்பு முழுதாக வந்து சேரவில்லை. சென்னையிலோ கோவையிலோ இருந்து மெதுவான இணைப்பில் கூடலூர் சர்வருக்கு 80 எம்பி கோப்பை நேராக வெப்ஆப்ஸ் கோப்புறைக்கே அனுப்பினால், பாதி வரும்போதே டாம்கேட் அதைத் திறக்கப் பார்க்கும். அதே வட்டில் வேறு கோப்புறைக்கு முழுதாக இறக்கி, இரு பக்கமும் எஸ்ஹெச்ஏ256சம் எடுத்து ஒப்பிட்டு, பிறகு எம்வி கட்டளையால் வெப்ஆப்ஸுக்கு நகர்த்துங்கள். ஒரே வட்டுக்குள் நகர்த்தினால் கோப்பு முழுதாகத்தான் தோன்றும்.

சர்வரில் திறக்கிறது, எடை மேடைக் கணினியில் திறக்கவில்லை

சர்வர்.எக்ஸ்எம்எல்லில் கனெக்டர் வரியில் அட்ரஸ் என்று 127.0.0.1 கொடுத்திருந்தால் வெளியாருக்குக் கதவு கிடையாது, அதை எடுத்துவிடுங்கள். அடுத்தது ஃபயர்வால்: உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ, விண்டோஸில் டிஃபெண்டர். போர்ட் பட்டியலில் நான்கு எண் முகவரிக்குப் பதில் நட்சத்திரமோ வரிசையாகப் புள்ளிகளோ இருந்தால் ஐபிவி6இல் மட்டும்தான் கேட்கிறது என்று பயப்பட வேண்டாம். லினக்ஸில் டாம்கேட் இயல்பாகவே அப்படித்தான் தெரியும், ஐபிவி4 கோரிக்கையையும் ஏற்கும்.

மேனேஜர் பக்கம் உள்ளே விடவில்லை

மேனேஜர் என்பது டாம்கேட்டை உலாவியிலிருந்து நிர்வகிக்கும் பக்கம். 401 என்றால் கடவுச்சொல், 403 என்றால் அனுமதி, இரண்டையும் குழப்பாதீர்கள். 401 வந்தால் டாம்கேட்-யூசர்ஸ்.எக்ஸ்எம்எல்லைப் பாருங்கள். அதில் வரும் மாதிரிப் பயனர்கள் எல்லாரும் கருத்துக் குறிகளுக்குள் இருக்கிறார்கள். பெயரை மட்டும் மாற்றிவிட்டுக் குறிகளை விட்டுவைத்தால் பலனில்லை. பயனருக்கு மேனேஜர்-ஜியுஐ என்ற ரோல் வேண்டும். ஐந்து முறை தவறாக அடித்துவிட்டால் டாம்கேட் அந்தப் பெயரை 300 விநாடி பூட்டிவிடும். அந்த ஐந்து நிமிடத்துக்குள் சரியான கடவுச்சொல்லும் தவறு போலவே தெரியும். வேறு கணினியிலிருந்து 403 வந்தால் மேனேஜரின் கான்டெக்ஸ்ட்.எக்ஸ்எம்எல்லில் சர்வரைத் தவிர எவரையும் தடுக்கும் வரி இருக்கிறது. அலுவலக வலையின் முகவரிகளை மட்டும் அதில் சேருங்கள், வரியையே நீக்கிவிடாதீர்கள். டெபியன், உபுண்டுவில் 404 வந்தால் மேனேஜர் நிறுவப்படவில்லை. அது தனித் தொகுப்பு: டாம்கேட்10-அட்மின்.

கரண்ட் போய் வந்தபின் ஓடவில்லை

ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூரைப் பதம்பார்க்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வெளுக்கும். கம்பி மேல் மரம் விழுந்தால் மின்சாரம் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. யுபிஎஸ் தாங்கும் நேரம் முடிந்து சர்வர் சட்டென்று அணைந்த பிறகு வரும் கோளாறுகள் தனி ரகம்.

டாம்கேட் கிளம்பியும் மென்பொருள் விழுந்து கிடந்தால், லோக்கல்ஹோஸ்ட் லாக்கில் "கம்யூனிகேஷன்ஸ் லிங்க் ஃபெயிலியர்" இருக்கிறதா பாருங்கள். மைஎஸ்கியூஎல் தன் கோப்புகளைச் சரிபார்த்து எழுவதற்குள் டாம்கேட் முந்திக்கொண்டது என்று பொருள். இப்போதைக்கு டாம்கேட்டை மட்டும் மறுபடி கிளப்பினால் ஓடும். நிரந்தரத் தீர்வுக்கு சிஸ்டம்சிடிஎல் எடிட் டாம்கேட்10 என்று கொடுத்து, யூனிட் பகுதியில் ஆஃப்டர், வான்ட்ஸ் இரண்டுக்கும் மைஎஸ்கியூஎல்.சர்வீஸ் என்று எழுதுங்கள். ஆஃப்டர் வரிசையைச் சொல்கிறது, வான்ட்ஸ் கூடவே எழுப்பச் சொல்கிறது. இரண்டும் வேண்டும்.

நேராக இறக்கிய டாம்கேட்டில் கேட்டலினா_பிஐடி அமைத்திருந்தால், "ஏற்கெனவே ஓடுவதுபோல் தெரிகிறது, கிளப்பவில்லை" என்ற பொருளில் ஒரு செய்தி வரலாம். பிஐடி என்பது ஓடும் நிரலுக்குக் கணினி தரும் எண். முன்பு ஓடியபோது எழுதிய பிஐடி கோப்பு அழியாமல் நின்றிருக்கிறது. கணினி எழுந்தபோது அதே எண் வேறு நிரலுக்குப் போயிருக்கிறது. ஜாவா ஓடவில்லை என்று பிஎஸ் கட்டளையால் உறுதி செய்துகொண்டு அந்தக் கோப்பை அழியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கில் போடாதீர்கள். அந்த எண்ணில் இப்போது மைஎஸ்கியூஎல்லே ஓடிக்கொண்டிருக்கலாம்.

டாம்கேட் 9இல் "சேமித்த செஷன்களை ஏற்ற முடியவில்லை" என்ற பொருளில் பிழை வந்தால் வொர்க் கோப்புறையில் உள்ள செஷன்ஸ்.எஸ்இஆர் பழுதாகியிருக்கிறது. அழித்துவிடலாம், எல்லாரும் மறுபடி உள்நுழைய வேண்டும், அவ்வளவுதான். 10.1 முதல் இந்தச் சேமிப்பு இயல்பாக நிறுத்தப்பட்டிருக்கிறது.

இன்னும் இரண்டு. மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருந்தால் கணினி பழைய தேதியில் எழும். ஹெச்டிடிபிஎஸ் இணைப்புகள் "சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று மறுக்கும், லாக் கோப்பும் பழைய தேதியில் உருவாகும், நீங்கள் இன்றைய கோப்பைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். பெரும்பாலான மேசைக் கணினிகளில் அது சிஆர்2032 பேட்டரி. இரண்டாவது, ரவுட்டர் மறுபடி எழுந்ததும் சர்வருக்கு வேறு ஐபி கொடுத்திருக்கலாம். சர்வருக்கு நிலையான ஐபி ஒதுக்கிவையுங்கள்.

தமிழ்ப் பெயர்கள் சிதைகின்றன

விவசாயி பெயரும் ஊர்ப்பெயரும் தமிழில் ஏறாவிட்டால் எடைச்சீட்டு யாருக்கும் பயன்படாது. இதில் சிதைவின் தோற்றமே காரணத்தைச் சொல்லும், ஆகவே ஒரு சோதனை செய்யுங்கள். பெயர்க் கட்டத்தில் ஊட்டி என்று மட்டும் தட்டிச் சேமியுங்கள். யூனிகோடில் அது ஐந்து குறிகள்: ஊ, ட, புள்ளி, ட, இகரக் கொக்கி. யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக மொத்தம் 15.

சரியாக ஐந்து கேள்விக்குறிகள் வந்தால், ஜாவாவுக்குள் பெயர் ஒழுங்காக வந்திருக்கிறது. வெளியே எழுதும்போது தமிழ் தெரியாத குறியாக்கத்துக்கு மாற்றப்பட்டுவிட்டது. தரவுத்தளத்தைப் பாருங்கள்: அட்டவணையும் பத்தியும் யுடிஎஃப்8எம்பி4 ஆக இருக்க வேண்டும். லத்தீன்1 பத்தி என்றால், கண்டிப்பு முறையில் உள்ள மைஎஸ்கியூஎல் பிழை தந்து மறுக்கும், தளர்வான முறையில் உள்ளது சத்தமில்லாமல் கேள்விக்குறி போட்டுச் சேமிக்கும். இப்படிச் சேமித்த பெயர்கள் போனது போனதுதான், மீட்க வழியில்லை. அதனால் இந்த அறிகுறி கண்டால் பதிவை உடனே நிறுத்துங்கள்.

ஐந்துக்கு மேல், பதினைந்து வரை, தலையில் குறி போட்ட லத்தீன் எழுத்துகள் குப்பையாக வந்தால் பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, படித்த விதம்தான் தவறு. ஃபார்ம் போஸ்ட் முறையில் வரும்போது, எதுவும் சொல்லாவிட்டால் டாம்கேட் 9 அதை ஐஎஸ்ஓ-8859-1 என்றே எடுத்துக்கொள்ளும். வெப்.எக்ஸ்எம்எல்லில் ரிக்வெஸ்ட்-கேரக்டர்-என்கோடிங் என்பதை யுடிஎஃப்-8 என்று எழுதினால் சரியாகும். டாம்கேட் 10இல் இந்த வரி பொது வெப்.எக்ஸ்எம்எல்லிலேயே இருக்கிறது. தேடல் கட்டத்தில் மட்டும் சரியாக வந்து சேமிக்கும்போது சிதைகிறது என்றால் காரணம் இதுவேதான்: முகவரி வழியாக வருவதை டாம்கேட் 8 முதல் யுடிஎஃப்-8 ஆகவே படிக்கிறது.

திரையில் சரி, சர்வர் எழுதும் சிஎஸ்வி கோப்பில் மட்டும் கேள்விக்குறி என்றால் ஜாவா பதிப்பைப் பாருங்கள். 18க்கு முந்தைய ஜாவா, இயங்குதளத்தின் மொழி அமைப்பைப் பின்பற்றும். சர்வீஸாக ஓடும்போது அது தமிழ் அறியாத "சி" அமைப்பாக இருக்கலாம். செட்என்வ்.எஸ்ஹெச்சில் -டிஃபைல்.என்கோடிங்=யுடிஎஃப்-8 சேருங்கள்.

பிடிஎஃப் சீட்டில் கட்டம் கட்டமாக வந்தால் சர்வரில் தமிழ் எழுத்துரு இல்லை. நோட்டோ அல்லது லோஹித் தமிழை நிறுவுங்கள். எழுத்து வந்தும் கொம்பு முன்னால் நிற்காமல் பின்னால் போனால், அந்தப் பிடிஎஃப் நிரலகத்துக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. அதற்கு அமைப்பில் மருந்தில்லை, மென்பொருளை எழுதியவரிடம்தான் சொல்ல வேண்டும்.

அதிகாலைப் பதிவு முந்தின நாள் தேதியில் விழுகிறது

வாடலுக்குப் போட்ட கொழுந்தை விடியுமுன்பே உருட்ட ஆரம்பிக்கும் ஆலைகளில் இது உடனே கண்ணில் படும். சர்வர் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கிறது. நம் நேரம் ஐந்தரை மணி முன்னால். நள்ளிரவுக்கும் காலை 5.30க்கும் இடையே பதிவானதெல்லாம் நேற்றைய கணக்கில் சேரும். டைம்டேட்சிடிஎல் மூலம் ஏசியா/கொல்கத்தா என்று மாற்றி டாம்கேட்டை மறுபடி கிளப்புங்கள்.

காலையில் முதல் கோரிக்கை மட்டும் தோற்கிறது

மைஎஸ்கியூஎல் எட்டு மணி நேரம், அதாவது 28,800 விநாடி, சும்மா கிடக்கும் இணைப்பைத் துண்டித்துவிடும். மாலை அலுவலகம் பூட்டியதும் டாம்கேட் கையில் வைத்திருந்த இணைப்புகள் இரவில் செத்துவிடுகின்றன. கான்டெக்ஸ்ட்.எக்ஸ்எம்எல்லில் ரிசோர்ஸ் வரியில் டெஸ்ட்ஆன்பாரோ=ட்ரூ, வேலிடேஷன்கொயரி=செலக்ட் 1 என்று சேர்த்தால் கொடுக்குமுன் சோதித்துக் கொடுக்கும்.

777 கொடுத்தும் கோப்பு எழுத முடியவில்லை

பிழையில் "ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்" என்று இருந்தால் அனுமதியோடு மல்லுக்கட்ட வேண்டாம், எவரும் எழுதலாம் என்ற 777 அனுமதியையும் திரும்ப எடுத்துவிடுங்கள். டெபியன் தொகுப்பின் சர்வீஸ் கோப்பு ப்ரொடெக்ட்சிஸ்டம்=ஸ்ட்ரிக்ட் என்று வைத்து, டாம்கேட்டைத் தன் சில கோப்புறைகளைத் தவிர வேறெங்கும் எழுத விடாது. சிஸ்டம்சிடிஎல் எடிட்டில் சர்வீஸ் பகுதியில் ரீட்ரைட்பாத்ஸ் என்று உங்கள் அறிக்கைக் கோப்புறையைச் சேருங்கள்.

பிழையே எழுதாமல் டாம்கேட் காணாமல் போகிறது

லாக் நடுவில் அறுந்திருந்தால் டிமெசேஜ் கட்டளையில் "அவுட் ஆஃப் மெமரி" தேடுங்கள். நினைவகம் தீர்ந்ததும் லினக்ஸே ஜாவாவைக் கொன்றிருக்கும். 2 ஜிபி கணினியில் மைஎஸ்கியூஎல்லும் சேர்ந்து ஓடும்போது ஜாவாவின் நினைவக வரம்பான -எக்ஸ்எம்எக்ஸுக்கு 2 ஜிபி கொடுத்தால் இதுதான் நடக்கும். 768 எம்பியில் தொடங்கிப் பாருங்கள். லாக்கிலேயே "ஜாவா ஹீப் ஸ்பேஸ்" என்று வந்தால் அது நேர்மாறு, கொடுத்த அளவு போதவில்லை. டிமெசேஜில் ஒன்றும் இல்லையென்றால் டிஎஃப் -ஹெச் போட்டு வட்டு நிரம்பிவிட்டதா பாருங்கள். நேராக இறக்கிய டாம்கேட்டில் கேட்டலினா.அவுட் கோப்பைச் சுழற்ற எவரும் இல்லாததால் அது பல ஜிபிக்கு வளரும். ஓடும்போது அதை ஆர்எம் போட்டு அழித்தால் இடம் திரும்பாது, ஜாவா கோப்பைப் பிடித்தே வைத்திருக்கும். ட்ரன்கேட் கட்டளையால் அளவைப் பூச்சியமாக்கிவிட்டு, லாக்ரொட்டேட்டில் காப்பிட்ரன்கேட் முறையில் சேர்த்துவிடுங்கள்.